ஆஸ்திரேலிய பார்ட்னர் விசா: ஊரிலிருந்து போடுவதா, இங்கே வந்து போடுவதா?

சிட்னியில் இருக்கும் என் தம்பிக்கு நாகர்கோவிலில் பெண் பார்த்து நிச்சயமும் முடிந்துவிட்டது, வரும் தையில் கல்யாணம். நிச்சயத்தன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "அக்கா, நீ மாமாவுக்குப் போட்ட மாதிரி ஊர்ல இருந்தே போடவா, இல்லை விசிட்டர்ல கூட்டிட்டுப் போய் சிட்னியில வச்சுப் போடவா? எது சீக்கிரம் வரும்?" என்று கேட்டான். மனைவியை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்து வர எடுக்கும் பார்ட்னர் விசாவைப் பற்றித்தான். கையில் வெற்றிலைத் தட்டோடு நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவனைப் போலவே கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படட்டும்.

நான் சிட்னியின் மேற்குப் பக்கம், டூங்காபியில் இருக்கிறேன். 2023 ஆனியில் கல்யாணம், அந்த செப்டம்பரில் திருச்சியில் இருந்த கணவருக்கு ஊரிலிருந்து போடும் 309 விசாவுக்கு விண்ணப்பித்தோம். என் சித்தி மகள் மெல்போர்னில் மாணவியாக இருந்தபோதே அங்குள்ள பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்) ஒருவரைக் கல்யாணம் செய்து, நாட்டுக்குள் இருந்தபடி 820 போட்டாள். கணவரின் நண்பர் ஒருவர் கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுக்கும் 300 விசாவில் தன் வருங்கால மனைவியை வரவழைத்தார். ஆக மூன்று வழியையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் மூன்றுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக நினைத்துக் குழம்புகிறார்கள். ஆன்ஷோரோ (இங்கிருந்து போடுவது) ஆஃப்ஷோரோ (ஊரிலிருந்து போடுவது), கட்டணம் ஒன்றுதான். நாங்கள் கட்டியபோது 8,850 டாலர். 2025 ஜூலை 1 முதல் 9,365 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிறது, ஒவ்வொரு ஜூலையிலும் ஏறுகிறது, விசா மறுக்கப்பட்டால் திரும்ப வராது. இந்த ஒரு கட்டணத்திலேயே இரண்டு கட்டமும் அடக்கம். முதலில் தற்காலிக விசா (ஊரிலிருந்து போட்டால் 309, இங்கிருந்து போட்டால் 820), விண்ணப்பித்த நாளிலிருந்து இரண்டு வருடம் கழித்து நிரந்தர விசாவுக்கான பரிசீலனை (100 அல்லது 801). கவனியுங்கள், அந்த இரண்டு வருடம் ஓடத் தொடங்குவது விசா கிடைத்த நாளிலிருந்து இல்லை, போட்ட நாளிலிருந்து. விண்ணப்பிக்கும்போதே உறவுக்கு மூன்று வருடம் ஆகியிருந்தாலோ, இரண்டு வருடம் ஆகிக் குழந்தையும் இருந்தாலோ நேராக நிரந்தர விசாவே கொடுக்க வாய்ப்பு உண்டு. வரப்போகிறவர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து ஸ்பான்சருக்கு வருடம் 29,000 பவுண்ட் வருமானம் வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அப்படி ஒரு வரம்பு இங்கே கிடையாது. ஆனால் ஒருவர் தன் ஆயுளில் இரண்டு பேரைத்தான் இப்படி ஸ்பான்சர் செய்யலாம், இரண்டுக்கும் நடுவில் ஐந்து வருட இடைவெளி வேண்டும். தானே பார்ட்னர் விசாவில் வந்தவருக்கும் அந்த ஐந்து வருடக் கணக்கு உண்டு.

சரி, "எது சீக்கிரம் வரும்?" இந்தக் கேள்வியை வைத்து முடிவெடுக்காதீர்கள். எங்களுக்கு 13 மாதத்தில் வந்தது, சித்தி மகளுக்கு 17 மாதம் ஆனது. எங்களுக்குப் பின்னால் போட்ட ஒருவருக்கு எங்களுக்கு முன்னால் வந்தது. குடிவரவு அலுவலகம் மாதாமாதம் வெளியிடும் கால அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதில் உங்கள் கோப்பு எங்கே விழும் என்பது உங்கள் கையில் இல்லை. எந்த வழியில் போட்டாலும் காத்திருக்கத்தான் போகிறீர்கள். அந்த மாதங்களில் இரண்டு பேரும் எந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள், யார் சம்பாதிக்க முடியும், உடம்புக்கு வந்தால் யார் செலவு செய்வார்கள், ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் கிளம்ப முடியுமா? என் அனுபவத்தில் முடிவு இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

ஊரிலிருந்து போடும் 309-ல் விண்ணப்பிக்கும் நேரத்தில் அவர் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். போட்டபிறகு அவர் வாழ்க்கை வழக்கம்போல ஓடும். என் கணவர் திருச்சியில் வேலையை விடவில்லை, சம்பளம் வந்துகொண்டிருந்தது, அவர் அப்பாவின் கண் ஆபரேஷனுக்குக் கூட இருக்க முடிந்தது. அந்த வகையில் இது நிம்மதியான வழி. கஷ்டம் எல்லாம் பிரிவில்தான். கல்யாணம் முடிந்து ஆறு வாரம் ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு நான் மட்டும் தனியாக விமானம் ஏறினேன். அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் நடந்தது போனில்தான். அவர் காலையில் இட்லிக்கு உட்காரும்போது எனக்கு மதிய இடைவேளை. அந்த அரை மணி நேரம் நானும் இந்தப் பக்கம் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தட்டோடு உட்கார, இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். அக்டோபரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் அதுவும் பொருந்தாமல் போனது. அவர் வழக்கமான நேரத்துக்கு எழுந்தால் நான் வேலைக்குத் திரும்பியிருப்பேன். அதனால் அந்த ஆறு மாதமும் அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே பல் துலக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "ஒரு வருஷம்தானே" என்று சொல்கிறவர்கள் அந்த ஒரு வருடத்தைத் தினசரியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இடையில் நான் இரண்டு முறை போனேன், அவர் ஒரு முறை விசிட்டர் விசாவில் மூன்று மாதம் வந்தார். 309 போட்டுவிட்டுக் காத்திருப்பவர் விசிட்டராக வந்து போவதில் தவறில்லை, நாங்கள் விண்ணப்பத்திலேயே மறைக்காமல் சொல்லித்தான் கேட்டோம். ஆனால் விசிட்டராக இருக்கும்போது வேலை பார்க்கக் கூடாது. மருத்துவச் செலவுக்குத் தனியார் காப்பீடு எடுத்துத்தான் வந்தார்.

இப்போது இங்கே இருந்தபடி போடும் 820. இதில் விண்ணப்பம் போடும்போது அவர் ஆஸ்திரேலியாவுக்குள் செல்லுபடியாகும் விசாவில் இருக்க வேண்டும். போட்டதும் பிரிட்ஜிங் விசா ஏ என்று ஒன்று கொடுப்பார்கள். முடிவு வரும்வரை அதை வைத்து இங்கேயே தங்கலாம், வேலை பார்க்கலாம், அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் விண்ணப்பிக்கலாம். கேட்கும்போதே ஆசையாக இருக்கும், ஏற்கெனவே இங்கே படிப்பவருக்கோ வேலை விசாவில் இருப்பவருக்கோ சந்தேகமே வேண்டாம், இதுதான் வழி. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்துகொண்டே காத்திருப்பதால் ஆதாரமும் தானாகச் சேர்ந்துகொண்டே போகும்.

ஆனால் சித்தி மகளுக்கு நடந்த இரண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிரிட்ஜிங் விசா கைக்கு வந்ததுமே முழு நேர வேலைக்குப் போகலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது அப்படி இல்லை. கையில் இருக்கும் மாணவர் விசா முடிகிற நாளில்தான் பிரிட்ஜிங் விசா உயிர் பெறும். அதுவரை மாணவர் விசாவின் நிபந்தனைதான் செல்லும், பருவம் நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. படிப்பையும் விடக் கூடாது. "பார்ட்னர் விசா போட்டாச்சே, இனி எதுக்குக் காலேஜ் ஃபீஸ்" என்று நிறுத்தி, மாணவர் விசா ரத்தாகிவிட்டால் அதோடு சேர்ந்து பிரிட்ஜிங் விசாவும் போய்விடும். நல்லவேளை, அவள் கடைசிப் பருவத்தைக் கட்டி முடித்தாள்.

இரண்டாவது, அவள் தாத்தா. பிரிட்ஜிங் விசா ஏ-யில் இருப்பவர் நாட்டை விட்டுப் போனால் அதை வைத்துத் திரும்ப வர முடியாது. போய்வர பிரிட்ஜிங் விசா பி என்று தனியாக ஒன்று எடுக்க வேண்டும், அதையும் இங்கே இருக்கும்போதே எடுக்க வேண்டும். காரைக்குடியில் தாத்தா தவறிப்போன செய்தி வந்த அன்று அவளிடம் அது இல்லை. அன்றைக்கே விண்ணப்பித்தாள், கையில் கிடைக்க ஒன்பது நாள் ஆனது, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். வளர்த்த தாத்தா. சின்ன வயதில் சைக்கிளின் முன்கம்பியில் துண்டு மடித்துப் போட்டு உட்கார வைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனவர். முகம் பார்க்க முடியவில்லை. ஊரில் வயதானவர்களை விட்டுவிட்டு வந்திருப்பவர்கள் ஆன்ஷோர் வழியில் போனால், பயணத்துக்கு நியாயமான காரணம் இருக்கும்போதெல்லாம் அந்த பி விசாவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

அடுத்து தம்பி கேட்ட விசிட்டர் விஷயம். நிறைய பேர் "டூரிஸ்ட்ல வந்து இங்க போட்டுடலாம்" என்கிறார்கள். விசா கடிதத்தில் 8503 என்ற நிபந்தனை எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நாட்டுக்குள் இருந்தபடி வேறு விசா போட முடியாது. குடும்பத்தார் ஸ்பான்சர் செய்து எடுக்கும் விசிட்டர் விசாவில் அது கட்டாயம் இருக்கும், சாதாரண டூரிஸ்ட் விசாவிலும் அதிகாரி நினைத்தால் போடலாம். 8503 இல்லாத விசாவில் வந்தவர் இங்கிருந்து விண்ணப்பிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் விசிட்டர் விசா கேட்கும்போது "சும்மா பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மனதுக்குள் திரும்பும் எண்ணமே இல்லாமல் கிளம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. புதுக் கல்யாணம், கணவன் ஆஸ்திரேலியாவில் பிஆர் என்று பார்த்ததும் விசிட்டர் விசாவையே மறுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. விமான நிலையத்தில் கேள்வி கேட்டால், தாலிச் சரடின் மஞ்சள்கூட வெளுக்காத பெண் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். அந்த நிலையில் என் தம்பி மனைவியை நிறுத்த எனக்கு மனமில்லை.

300 விசாவைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கல்யாணம் ஆகாதவர்களுக்கானது. இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போது வரப்போகிறவர் வெளிநாட்டில் இருக்க வேண்டும், 9 முதல் 15 மாதம் வரை கொடுப்பார்கள். அதற்குள் வந்து கல்யாணம் செய்துகொண்டு இங்கிருந்தபடி 820 போட வேண்டும். அந்த 820-க்குக் குறைந்த கட்டணம்தான், ஆனாலும் அது கூடுதல் செலவு, கூடுதலாக ஒரு கட்டம். 300-ல் வேலை பார்க்கலாம், மெடிகேர் மட்டும் 820 போட்ட பிறகுதான். நம் வீடுகளில் நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே நாலைந்து மாதம்தான் இருக்கும், கல்யாணமும் ஊரில்தான், அதனால் பெரும்பாலானவர்களுக்கு இது சுற்றுவழி. கணவரின் நண்பருக்கு இது பொருந்தியதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளோடு இங்கேயே இருந்ததால் கல்யாணத்தைச் சிட்னியிலேயே வைத்தார்கள். இன்னொரு தரப்புக்கும் இது மிக முக்கியமான வழி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஒரே பாலின இணையர் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்த உரிமையைத் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பரிலிருந்து அது சட்டபூர்வம். ஊரில் பதிவு செய்ய வழியில்லாத அவர்கள் இந்த விசாவில் வந்து இங்கே முறையாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

குழந்தை விஷயத்தை யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை, அப்புறம்தான் ஓடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிறக்கும் குழந்தைக்குத் தாய் தந்தையில் ஒருவர் சிட்டிசனாகவோ பிஆராகவோ இருந்தால் பிறக்கும்போதே குடியுரிமை. வெளியே பிறந்தால் சிட்டிசனின் குழந்தைக்கு வம்சாவளிக் குடியுரிமை கேட்கலாம், பிஆரின் குழந்தைக்கு அது கிடையாது. 309 முடிவாவதற்குள் அந்தக் குழந்தையையும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாக விசா போட வேண்டும். என் தம்பி இன்னும் பிஆர்தான், அதனால் இது அவனுக்கு நேரடியாகப் பொருந்தும். மனைவி விசிட்டராக வந்திருக்கும்போது கர்ப்பமானால் மெடிகேர் கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம், பார்வையாளர் காப்பீட்டிலும் பிரசவத்துக்குப் பொதுவாக 12 மாதக் காத்திருப்பு உண்டு, மருத்துவமனைப் பில் முழுக்கக் கையிலிருந்தே போக நேரலாம். ஆன்ஷோரில் காத்திருக்கும் பெண்ணுக்கு மெடிகேர் இருப்பது இந்த ஓர் இடத்தில் பெரிய பலம். உடனே குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை இரண்டு பேரும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

இனி ஆதாரம். என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான பயம் இதுதான்: "எங்களுடையது வீட்டில் பார்த்துச் செய்த கல்யாணம், நாலு தடவைதான் பேசியிருக்கோம், காதலித்த மாதிரி போட்டோ எல்லாம் இல்லையே." அந்தப் பயம் வேண்டாம். ஏற்பாட்டுக் கல்யாணம் என்பதற்காக மறுப்பதில்லை. பணம், வீடு, சமூகம், ஒருவருக்கொருவர் உள்ள உறுதி என்று நான்கு கோணத்தில் பார்ப்பார்கள். ஆஃப்ஷோரில் இருப்பவர்களுக்கு "வீடு" என்ற கோணம்தான் மெலிந்திருக்கும், அதை மற்ற மூன்றால் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

நாங்கள் என்ன கொடுத்தோம் என்று சொல்கிறேன். மேட்ரிமோனியில் அவர் அம்மா என் அம்மாவுக்கு முதலில் அனுப்பிய செய்தி, ஜாதகம் பார்த்த தேதி, பெண் பார்க்க வந்த அன்று எடுத்த மங்கலான போட்டோ. ஆல்பத்தில் ஆயிரத்துக்கு மேல் படம் இருந்தது, மேடையில் மாலையோடு நிற்கும் படத்தில் இரண்டைத்தான் வைத்தேன். மற்றபடி மாமியார் வீட்டு அடுப்படியில் நான் தேங்காய் துருவும் படம், அவர் என் பாட்டிக்குச் செருப்பு வார் மாட்டிவிடும் படம், இரண்டு குடும்பமும் பேருந்தில் சமயபுரம் போன படம் என்று எல்லாம் சாதாரணப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி. அவர் தன் எல்ஐசி பாலிசியிலும் பிஎஃபிலும் நாமினியாக என் பெயரை மாற்றினார், நான் என் சூப்பர் (ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கில் அவர் பெயரைப் போட்டேன். உறுதி என்று அவர்கள் கேட்பதற்கு இதைவிடத் தெளிவான காகிதம் கிடையாது, இரண்டு பக்கமும் செலவும் அதிகமில்லை. சேமிப்புக்காக நான் அவருக்கும் அவர் எனக்கும் அனுப்பிய தொகையை எதற்கு என்ற குறிப்போடு அனுப்பினோம். போன் பேச்சுப் பட்டியலை முழுதாக அச்சடித்துக் கொட்டாமல், மாதத்துக்கு இரண்டு பக்கம் வைத்தேன்.

888 என்ற படிவத்தில் உங்களை அறிந்த ஆஸ்திரேலியக் குடிமக்களோ பிஆரோ குறைந்தது இரண்டு பேர் எழுதித் தர வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுவார்கள், ஏனென்றால் இங்குள்ள நண்பர் மாப்பிள்ளையைப் பார்த்ததே இருக்காது. என் கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி விடுமுறை எடுத்துக் கல்யாணத்துக்கு வந்திருந்தாள், அவள் எழுதினாள். இன்னொருவர், என் கணவர் விசிட்டராக வந்த மூன்று மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பக்கத்து வீட்டு அண்ணா, அவருடையதைப் பிறகு சேர்த்தோம். "நல்ல ஜோடி, நீடூழி வாழ்வார்கள்" என்று எழுதித் தருவதில் பலனில்லை. எந்த நாள், எங்கே பார்த்தேன், என்ன கவனித்தேன் என்று இருக்க வேண்டும்.

இருவரும் தனித்தனியே எழுதும் கதையை விண்ணப்பிக்கும் முன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நாங்கள் முதலில் பேசியது மார்ச் என்று நான் எழுதியிருந்தேன், அவர் பிப்ரவரி என்று எழுதியிருந்தார். அவர் வாட்ஸ்அப்பில் "வணக்கம்" அனுப்பிய நாளைக் கணக்கு வைத்திருக்கிறார், நான் குரல் கேட்ட நாளை. இரண்டும் உண்மை, ஆனால் கோப்பைப் படிக்கிறவருக்கு அது முரண். இருவரும் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்தோம்.

பெயரும் நம்மவர்களுக்கு ஒரு தனித் தலைவலி. நமக்கு இருப்பது பெயரும் இனிஷியலும், இங்கே படிவம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, கல்யாணச் சான்றிதழில் எழுத்துப் பிழையோடு என்று மூன்று விதமாக இருந்தால், அதெல்லாம் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். கோயில் ரசீதும் மண்டபச் சீட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போதே பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோய், எழுத்துக்கு எழுத்து அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். கடந்த பத்து வருடத்தில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். என் கணவர் ஒரு காலத்தில் மூன்று வருடம் வளைகுடாவில் இருந்தவர், திருச்சியில் பாஸ்போர்ட் அலுவலகச் சான்றிதழ் சீக்கிரமே வந்துவிட்டது, வளைகுடாச் சான்றிதழுக்குத்தான் மாதக்கணக்கில் அலைந்தோம். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று இருந்துவந்தவர்கள் அந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

ஈழத்திலிருந்து படகில் வந்தவர்களுக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. படகில் வந்து பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர், இங்கே ஒரு சிட்டிசனைக் கல்யாணம் செய்துகொண்டாலும் தானாக 820 போட முடியாது. குடிவரவுச் சட்டத்தின் 46ஏ பிரிவு தடுக்கிறது, அமைச்சர் விலக்கு அளித்தால்தான் உண்டு. அதேசமயம் வந்து பல வருடம் ஆகியும் தற்காலிகப் பாதுகாப்பு விசாவிலேயே இருந்த பலருக்கு 2023 பிப்ரவரிக்குப் பிறகு 851 என்ற நிரந்தர விசா கிடைத்தது. அவர்கள் இப்போது பிஆர், வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இத்தனை வருடம் காத்திருக்கும் மனைவிக்கு 309 போடலாம். முன்பு கொடுத்த விண்ணப்பங்களில் மனைவி பிள்ளைகள் பற்றி என்ன எழுதியிருந்தீர்கள் என்பதை எடுத்துப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள், இதற்குக் கட்டாயம் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஏஜென்ட் தேவையா என்றால், நேரான விஷயம் என்றால் தேவையில்லை, நாங்களே அரசின் ஆன்லைன் விசாத் தளமான இம்மி அக்கவுண்ட்டில் போட்டோம். ஏற்கெனவே விசா மறுப்பு, விசா முடிந்தபின் தங்கியது, விவாகரத்து, போலீஸ் வழக்கு என்று ஏதாவது இருந்தால் தேவை. வைத்துக்கொண்டால் அவருடைய மாரா (குடிவரவு ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யும் ஆஸ்திரேலிய அமைப்பு) பதிவு எண்ணைக் கேட்டு, பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். நாங்கள் முதலில் ஊரில் ஒருவரிடம் போய் முன்பணம் கொடுத்தோம். "கூட்டாக வாடகை ஒப்பந்தம் ஒன்று ரெடி பண்ணிடலாம்" என்றார். சேர்ந்து வாழாத வீட்டுக்கு ஒப்பந்தம். எழுந்து வந்துவிட்டோம், முன்பணம் போனது போனதுதான். பொய்க் காகிதம் பிடிபட்டால் இந்த விசா மட்டும் போகாது, பிறகு வருடக்கணக்கில் வேறெதுவும் போட முடியாத நிலை வரும்.

வருகிற பெண்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒன்று. "என்னை எதிர்த்தால் விசாவை ரத்து பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டும் வீடுகள் இருக்கின்றன, எனக்கே ஒரு பெண்ணைத் தெரியும். தற்காலிகப் பார்ட்னர் விசாவில் இங்கே வந்திருப்பவரின் உறவு குடும்ப வன்முறையால் முறிந்தால், நிரந்தர விசாவுக்கான வழி அதனால் மூடப்படுவதில்லை, சட்டத்தில் அதற்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. அடி மட்டும் வன்முறை இல்லை, பணத்தைப் பறிப்பதும் போனைப் பிடுங்கி அடைத்து வைப்பதும் அதில் சேரும். பாஸ்போர்ட்டும் விசாக் கடிதத்தின் நகலும் எப்போதும் உங்களிடமே இருக்கட்டும்.

மறுப்பு வந்தால் இரண்டு வழியிலும் 2024 அக்டோபரில் தொடங்கிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆன்ஷோரில் விண்ணப்பித்தவரே கேட்கலாம், வழக்கு முடியும்வரை இங்கே இருக்கலாம். ஆஃப்ஷோரில் ஸ்பான்சர்தான் கேட்க வேண்டும், அதுவரை பிரிவு தொடரும்.

தம்பியிடம் நேற்று மறுபடி பேசினேன். அவன் வருங்கால மனைவி நாகர்கோவிலில் நர்ஸாக இருக்கிறாள், வேலையை விட மனமில்லை, இங்கே நர்ஸாகப் பதிவு செய்யத் தேவையான காகிதங்களை அங்கிருந்து சேர்ப்பதும் சுலபம். அவள் அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அதனால் 309 என்று முடிவு செய்துவிட்டார்கள். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவிலேயே பதிவை மட்டும் முடித்து விண்ணப்பம் போட்டுவிடலாம், நாலு மாதம் மிச்சம் என்று மாப்பிள்ளை வீட்டில், அதாவது எங்கள் வீட்டில்தான், ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவுக்குப் பிறகும் வழக்கப்படி அவரவர் வீட்டில் தனித்தனியாக இருந்தால், கணவன் மனைவியாக எப்போது வாழத் தொடங்கினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், நாலு மாதத்துக்காக 9,365 டாலரையும் அவள் பெயரில் ஒரு மறுப்பையும் பணயம் வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். கல்யாணம் முடிந்து ஐந்து வாரம் அவன் அங்கேயே இருக்கப் போகிறான், அதற்குள் பதிவு, நாமினி மாற்றம், இருவரின் கதை எல்லாம் முடித்து, அவன் சிட்னி திரும்பிய வாரமே விண்ணப்பம். அவள் போலீஸ் சான்றிதழுக்குத் தேவையான பழைய முகவரிப் பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டாள். கன்னியாகுமரியில் படித்தபோது இருந்த விடுதியின் கதவு எண் மட்டும் ஞாபகம் வரவில்லையாம், அறைத்தோழியிடம் கேட்டிருக்கிறாள்.